தொட்டால் ஒலிக்கும், ஆனால் வாத்தியம் இல்லையாம்!



செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்தாச்சு. பிக்கட்டியில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கே மேகம் இறங்கி வந்து தேயிலைத் தோட்டத்தை மூடிக்கொள்கிறது. கரண்ட் போகிறது, வருகிறது, மறுபடியும் போகிறது. மாறியது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் ஆனால் சித்தி வீட்டிலிருந்து கேட்கும் பியானோ சத்தம் இந்த முறை கேட்கவில்லை.

பியானோ என்றதும் பெரிய கருப்பு மரப்பெட்டியைக் கற்பனை செய்துவிடாதீர்கள். சித்தி பசுந்தேயிலை பறிக்கிறவங்க. 2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் எல்லாம் ஆன்லைன் ஆனபோது, சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு பத்து இன்ச் டேப்லெட் வாங்கினாங்க. பள்ளி திறந்த பிறகு அது சும்மா கிடந்தது. சித்தி பையன் அதில் ஒரு இலவச பியானோ ஆப்பைப் போட்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாகத் தட்டித் தட்டிப் பழகினான். அவன் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது இளையராஜா பாட்டு ஒன்றை முழுசாக, இரண்டு கையாலும், பல்லவி சரணம் இடையிசை எல்லாம் சேர்த்து வாசித்தான். ஓரம் விரிசல் விட்ட டேப்லெட்டில்!

போன வருஷம் ஒரு போட்டிக்குப் பேர் கொடுத்தான். எந்தப் போட்டி, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம், விடுங்கள். 'வாத்திய இசை' என்று ஒரு பிரிவு. காலையில் எழுந்து பஸ் பிடித்துப் போய், தன் முறை வந்ததும் டேப்லெட்டை மேஜையில் வைத்தான். நடுவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, வாத்தியம் எங்கே?"

"இதுதான் சார்."

"இது வாத்தியம் இல்லப்பா, பொம்மை. அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். ஒரு ஸ்வரம்கூட வாசிக்க விடவில்லை. விதிமுறைத் தாளில் டேப்லெட் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பயல் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அன்று அட்டைப் பெட்டிக்குள் போன டேப்லெட் இன்னும் வெளியே வரவில்லை.

இந்தப் பதிவு அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். பொம்மை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் :-)

முதலில் நடுவர் பக்க நியாயம்

எடுத்ததும் திட்ட ஆரம்பித்தால் அது சண்டை, வாதம் இல்லை. அதனால் நடுவருக்காக நானே வக்கீலாக வாதாடிப் பார்க்கிறேன். டேப்லெட் பியானோ, பியானோ இல்லை என்பதற்கு மூன்று வலுவான காரணங்கள் உண்டு.

ஒன்று, தொடுகை. பியானோ என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1700 வாக்கில் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர் இந்தக் கருவியைச் செய்தார். அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான், காரணம் அது கம்பியைச் சுண்டும். கிறிஸ்டோஃபோரி சுண்டுவதற்குப் பதிலாகச் சின்னச் சுத்தியலால் கம்பியை அடிக்க வைத்தார். விரல் மெதுவாக இறங்கினால் மெல்லிய சத்தம், வேகமாக இறங்கினால் பெரிய சத்தம். இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மெல்ல, 'ஃபோர்ட்டே' என்றால் உரக்க. இரண்டும் முடியும் என்பதால்தான் அது பியானோ-ஃபோர்ட்டே. நம் டேப்லெட் திரையோ விரல் பட்டதா இல்லையா என்பதை மட்டும்தான் பார்க்கும், எவ்வளவு வேகமாகப் பட்டது என்று அதற்குத் தெரியாது. 2011-ல் ஆப்பிள் ஐபேடுக்குக் கொண்டு வந்த கராஜ்பேண்டில் ஒரு தந்திரம் செய்தார்கள். தட்டும்போது ஐபேட் லேசாக அதிரும் இல்லையா, அந்த அதிர்வை உள்ளே இருக்கும் முடுக்கமானி மூலம் அளந்து, எவ்வளவு ஓங்கித் தட்டினார் என்று ஊகிப்பது. நல்ல யோசனைதான், ஆனாலும் ஊகம் ஊகம்தானே.

இரண்டு, அளவு. நிஜப் பியானோவில் ஒரு ஸ்தாயியின் ஏழு வெள்ளைக் கட்டைகள் சேர்ந்து சுமார் 16.5 செ.மீ. அகலம். மொத்தம் 88 கட்டை, ஏழு ஸ்தாயிக்கும் மேல், கிட்டத்தட்ட 122 செ.மீ. நம் ஆறரை இன்ச் மொபைல் திரையின் நீளமே 15 செ.மீ. தான். அதாவது நிஜ அளவில் ஒரு ஸ்தாயிகூடக் கொள்ளாது! பத்து இன்ச் டேப்லெட்டில் ஒன்றேகால் ஸ்தாயி கொள்ளும். அதனால் ஆப்களில் கட்டைகளைச் சுருக்கிவிடுகிறார்கள், அல்லது திரையை மேலும் கீழுமாக இரண்டு வரிசையாகப் பிரித்துத் தருகிறார்கள். எங்க பயல் வாசிப்பது இந்த இரண்டு வரிசையில்தான். வலது கைக்கு மேல் வரிசை, இடது கைக்குக் கீழ் வரிசை. நிஜக் கீபோர்டில் உட்கார வைத்தால் இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும், கட்டையும் அகலம். கட்டாயம் தடுமாறுவான்.

மூன்று, தாமதம். இதுதான் பெரிய தொல்லை. விரல் திரையில் பட்டதற்கும் சத்தம் காதுக்கு வருவதற்கும் நடுவே ஒரு இடைவெளி. ஆண்ட்ராய்டு வந்த புதிதில் இது நூறு, இருநூறு மில்லிசெகண்ட் என்றெல்லாம் இருந்தது. ஐபோனில் அப்போதே இது ரொம்பக் குறைவு. இசைக்கான ஆப்களில் பெரும்பாலானவை வெகுகாலம் ஆப்பிள் பக்கமே இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இருநூறு மில்லிசெகண்ட் என்றால் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? ஒலி ஒரு செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் போகும். அந்தக் கணக்கில் பார்த்தால், 68 மீட்டர் தள்ளி இருக்கும் பியானோவை நீங்கள் இங்கே உட்கார்ந்து நீளமான குச்சியால் வாசிப்பது மாதிரி! 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-ல் ஏ-ஆடியோ என்ற புது வழியைச் சேர்த்த பிறகு நிலைமை நிறையத் தேறியது. இன்றைக்கு நல்ல மொபைலில், ஒழுங்காக எழுதிய ஆப்பில் தாமதத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. மலிவான டேப்லெட்டில் இன்னமும் தெரியும்.

ஆக, நடுவர் "இது பியானோ இல்லை" என்று சொல்லியிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். ஒத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அவர் சொன்னது "இது வாத்தியம் இல்லை". அது வேற, இது வேற ஐயா!

ஆர்மோனியத்துக்கும் இதே கதிதான்

'இதெல்லாம் ஒரு வாத்தியமா' என்ற கேள்வி நம் ஊருக்குப் புதுசு இல்லை.

ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றவர்கள் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றினார்கள். தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையில் ஆர்மோனியம் இல்லாமல் நாடகமே கிடையாது. ஆர்மோனியக்காரர்தான் பின்பாட்டும் பாடுவார், மேடையையே தூக்கி நிறுத்துவார்.

அப்படிப்பட்ட ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940-ல் தடை போட்டது. கட்டைக்குக் கட்டை தாவுகிற கருவியில் கமகம் வராது, அதன் சுருதி நம் இசைக்குப் பொருந்தாது என்பதெல்லாம் காரணம். வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1938-லேயே இதைத் தாக்கி எழுதியிருந்தார். தாகூருக்கும் ஆர்மோனியத்தைப் பிடிக்காது. 1971-ல்தான் அந்தத் தடை ஓரளவுக்குத் தளர்ந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷம்! அந்த முப்பது வருஷமும் ஆர்மோனியம் என்ன செத்தா போய்விட்டது? பஜனை மடத்தில், நாடகக் கொட்டகையில், பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையில், சினிமா மெட்டுப் போடும் அறையில், எங்கும் அதுதான் இருந்தது. பிறகு பல்லடம் வெங்கட்ரமண ராவ் அதே ஆர்மோனியத்தில் கர்நாடக சங்கீதக் கச்சேரியே செய்து காட்டினார். பல்லடம் எங்கேயோ இல்லை மக்களே, இந்த மலை இறங்கினால் கோயம்புத்தூருக்கு அந்தப் பக்கம்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஆர்மோனியக் கட்டைக்கும் விரலின் வேகம் தெரியாது. அதுவும் வெறும் திறப்பான் மாதிரிதான். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி போடுகிற கைதான். ஹார்ப்சிகார்டும் அப்படித்தான் என்று மேலே பார்த்தோம். பாக் தன் விசைப்பலகை இசையில் பெரும்பகுதியை எழுதிய காலத்தில் பியானோ இன்னும் பரவவே இல்லை, ஹார்ப்சிகார்டும் ஆர்கனும்தான். தொடுகை உணராத கட்டையெல்லாம் பொம்மை என்றால் அந்த வரிசையில் யார் யாரெல்லாம் போய் நிற்கவேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வயலினும் வந்தேறிதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டு வந்த கருவி. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? எங்கள் அப்பா தலைமுறையில் மாண்டலின் யூ.ஸ்ரீநிவாஸ். எலெக்ட்ரிக் மாண்டலினைத் தனக்கு வேண்டியபடி ஐந்து ஒற்றைத் தந்தியாக மாற்றிக்கொண்டு சின்னப் பையனாக மேடை ஏறியபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. பிறகு அவர் பெயருக்கு முன்னாலேயே அந்த வாத்தியத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, இவையெல்லாம் மரமும் தந்தியும், கண்ணாடித் திரை எப்படி என்று கேட்பீர்கள். 2010-ல் கொரில்லாஸ் என்ற பிரிட்டிஷ் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது ஒரு முழு ஆல்பத்தைப் பெரும்பாலும் ஐபேடிலேயே பதிவு செய்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வெறும் மொபைல் போன்களை வைத்தே ஒரு இசைக்குழு நடத்தினார்கள். அதை நடத்திய கே வாங் 2008-ல் ஐபோனுக்காக ஒக்கரினா என்ற ஆப்பைச் செய்தார். மைக்கில் ஊதவேண்டும், திரையில் நான்கு துளைகளை விரலால் மூடவேண்டும், புல்லாங்குழல் மாதிரி ஒலிக்கும். நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் 2009-ல் வந்த 'டெல்லி 6' படத்தில் கன்டினியம் என்ற கருவியை வாசித்திருக்கிறார். அதில் கட்டையே கிடையாது, வழுவழுவென்று ஒரு பரப்பு, விரலை வழுக்கினால் சுரமும் வழுக்கும். அது விரலின் அழுத்தத்தை உணரும், நம் டேப்லெட் உணராது, அந்த வித்தியாசத்தை மறைக்கவில்லை. ஆனால் கட்டை இல்லாத பரப்பைத் தொட்டு வாசித்தால் அது வாத்தியம் ஆகாது என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அப்போ எது பொம்மை?

நியாயமாகப் பார்த்தால் இந்தக் குழப்பத்துக்கு நடுவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் டேப்லெட்டில் இதற்கு முன் பார்த்தது என்னவாக இருக்கும்? கருப்புச் சதுரங்கள் மேலிருந்து கீழே விழும், தொட்டுக்கொண்டே இருக்கவேண்டும், தொட்டால் பெரிய பெரிய மேதைகளின் இசை தானாக வரும். 2014-ல் பியானோ டைல்ஸ் என்று ஒன்று வந்து உலகமே தட்டித் தள்ளியது, அதன் பேரன் பேத்திகள் இன்றும் குட்டிகளின் மொபைலில் இருக்கிறார்கள். அதில் எந்தச் சதுரத்தைத் தொட்டாலும் அடுத்து வரவேண்டிய சரியான சுரமே வரும். தப்பினால் விளையாட்டு முடிந்துவிடும், தப்பான சுரம் வராது.

இங்கேதான் என் அளவுகோலைச் சொல்கிறேன். ரொம்ப எளிது. தப்பாக வாசிக்க விடுகிறதா? விட்டால் வாத்தியம். விடாவிட்டால் பொம்மை.

யோசித்துப் பாருங்கள். வீணையில் தப்பு வரும், நாதஸ்வரத்தில் தப்பு வரும், வயலினில் முதல் இரண்டு வருஷம் தப்பு மட்டும்தான் வரும் (பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேளுங்கள்!). அந்தத் தப்பு காதில் விழுந்து, உறுத்தி, விரல் தானாக நகர்ந்து சரியான இடத்தைத் தேடுகிறதே, அதற்குப் பெயர்தான் பயிற்சி. தப்பே வராத கருவியில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? எங்க பயலின் ஆப்பில் தப்பு தாராளமாக வரும். நான்தான் சாட்சி. ஒரே இடையிசையை ஒரு மாசம் தப்புத் தப்பாக வாசித்து எங்கள் எல்லார் உயிரையும் எடுத்தான். சித்தி ஒரு நாள் பொறுக்க முடியாமல், "கண்ணு, அந்த ஒரு எடத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை வாசிக்கக் கூடாதா?" என்று கெஞ்சினாங்க. அப்புறம் ஒரு நாள் அந்த இடம் சரியாக வந்தது. பொம்மையில் இது நடக்காது.

அந்தத் திரை அவன் கைக்குப் பெரிதாக எதையும் கற்றுத் தரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காதுக்குக் கற்றுத் தந்தது. ஒரு பாட்டைக் கேட்டு இது எந்தச் சுரத்தில் தொடங்குகிறது, எங்கே போய் நிற்கிறது, கீழே என்ன கார்டு என்று கண்டுபிடிக்க அவனுக்குத் தெரியும். கை பழகுவதற்கு நிஜக் கட்டை வேண்டும். காது பழகுவதற்கு, தப்பில்லாத சுருதியில் பன்னிரண்டு சுரம் ஒலித்தால் போதும், அது எங்கிருந்து ஒலித்தாலும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் நடுவர் செய்த பிழை.

"ஒழுங்கா ஒரு கீபோர்டு வாங்கிப் பழகலாமே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்று தெரியும். அதனால் முன்னாடியே பதில்.

எங்கே போய்ப் பழகுவது? பியானோ கற்றுக்கொள்ள எங்களுக்கு ஊட்டி, இல்லையென்றால் குன்னூர். மஞ்சூர் போய் பஸ் மாறி, போக வர ஒரு நாளில் பாதி போய்விடும். கோயம்புத்தூர் போவதென்றால் கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவு. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, சாயங்காலம் ஐந்து மணிக்கு என்றால் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போய்த் திரும்ப முடியும்? இதே மலையில்தான் பெரிய போர்டிங் பள்ளிகளும் இருக்கின்றன, அங்கே பியானோவும் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிறது. அது தப்பு என்று சொல்லவில்லை. ஒரே மேகம்தான் இரண்டு பக்கமும் இறங்குகிறது, ஒரு பக்கம் 88 கட்டை, இன்னொரு பக்கம் விரிசல் விட்ட திரை என்று மட்டும் சொல்கிறேன்.

நல்ல பியானோ லட்சத்தில் போகும். அதை விடுங்கள், தொடுகை உணரும் 61 கட்டைக் கீபோர்டே ஆயிரக்கணக்கில் போகும். இலை பறித்து வாழும் வீட்டில், இருக்கிற டேப்லெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இலவச ஆப்புக்கு சிக்னல் வேண்டாம், கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும், ஹெட்போன் போட்டால் தூங்குகிற தாத்தாவுக்குத் தொந்தரவு இல்லை. எங்க ஊருக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. அதில் இருக்கும் குறையைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் 'முழுசாக இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம்' என்பது வசதி இருக்கிறவர்கள் பேசும் பேச்சு. முழுசு கிடைக்காதவனுக்கு அதன் பொருள் 'உனக்கு ஒன்றுமே வேண்டாம்' என்பதுதான்.

மறுபக்கத்துக்கும் ஒரு குட்டு

இதைப் படித்துவிட்டு, "சூப்பர் பாஸ், இனிமே ஆப் போதும், வாத்தியார் எதுக்கு, கீபோர்டு எதுக்கு" என்று யாராவது கிளம்பினால், அவர்களுக்கும் குட்டு உண்டு.

'ஏழே நாளில் பியானோ' என்று விளம்பரம் போடுகிறவர்களை நம்பாதீர்கள். திரையிலேயே வருஷக்கணக்கில் பழகினால் விரல் தட்டையாகப் படிந்துவிடும், கட்டை விரலை மற்ற விரல்களுக்கு அடியில் கொண்டுபோகும் பழக்கம் வராது, மெல்லவும் உரக்கவும் வாசிக்கத் தெரியாமலே போகும். ஆப் ஒரு படி, மாடி இல்லை.

அடுத்த படி நாம் நினைக்கிற அளவுக்கு உயரமும் இல்லை. 1983-ல் மிடி என்று ஒரு பொது மொழியை வாத்தியக் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்தன. எந்தக் கட்டை, எப்போது அழுத்தியது, எவ்வளவு வேகத்தில் என்பதை 1 முதல் 127 வரை எண்ணாக அனுப்பும். கிறிஸ்டோஃபோரியின் மெல்ல-உரக்க எல்லாம் அந்த எண்ணுக்குள் வந்துவிடும். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-லிருந்து மொபைலுக்கே இந்த மொழி தெரியும். ஒரு சின்ன ஓ.டி.ஜி. கேபிள், தொடுகை உணரும் சின்ன மிடி கீபோர்டு ஒன்று, அவ்வளவுதான். சித்தி வாங்கிய அதே டேப்லெட் அப்போது வெறும் ஒலிப்பெட்டி, வாசிப்பது நிஜக் கட்டையில்.

இதில்தான் என் கோரிக்கையே இருக்கிறது. நம் அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, ஸ்மார்ட் வகுப்பறை இருக்கிறது, 2024-ல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டேப்லெட்டும் கொடுத்தார்கள். மூளை எல்லாம் வாங்கியாச்சு, விரல் வைக்கத்தான் இடம் இல்லை. பள்ளிக்கு ஒரே ஒரு தொடுகை உணரும் கீபோர்டும் ஒரு கேபிளும் வாங்கி வைத்தால், மதிய இடைவேளையில் பத்துப் பிள்ளைகள் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். வீட்டில் ஆப்பில் காதைப் பழக்குவார்கள், பள்ளியில் கையைப் பழக்குவார்கள். ஒரு பள்ளி ஆண்டுவிழாப் பந்தல் செலவுகூட ஆகாது.

கடைசியாக

போட்டி நடத்துகிறவர்களுக்கு: டேப்லெட் வேண்டாம் என்றால் தாராளமாக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் அதை விதிமுறைத் தாளில் முன்னாடியே எழுதுங்கள், மேடையில் வைத்துச் சொல்லாதீர்கள். இன்னும் நல்லது, மேடையில் ஒரு கீபோர்டை நீங்களே வையுங்கள். வருகிற பிள்ளைகள் அதில் வாசிக்கட்டும். அதற்கும் முன்னால், இரண்டு நிமிஷம் காது கொடுங்கள். கருவியைக் கண்ணால் பார்த்து மார்க் போடுவதற்கு இசைப்போட்டி எதற்கு?

அப்பா அம்மாக்களுக்கு: சதுரம் விழும் விளையாட்டை அழித்துவிட்டு, தப்பு வாசிக்க விடுகிற ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுங்கள். தப்பு வரும்போது "வெளாண்டது போதும்" என்று பிடுங்காதீர்கள். அப்போதுதான் அது விளையாட்டு இல்லை.

பழகுகிறவர்களுக்கு: புளூடூத் ஹெட்போன் வேண்டாம், அது தாமதத்தை இன்னும் கூட்டும், ஒயர் வைத்ததே நல்லது. டேப்லெட்டைக் கையில் பிடிக்காமல் மேஜையில் வையுங்கள். ஒரு பாட்டை ஆப் காட்டித் தருவதற்கு முன், காதால் கேட்டு முதல் நாலு சுரத்தை நீங்களே தேடுங்கள். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம், அது சர்ச்சிலோ கல்யாண ஆர்கெஸ்ட்ராவிலோ எங்கே இருந்தாலும், கேட்டுக்கொண்டு ஒரு நிஜக் கட்டையை அழுத்திப் பாருங்கள். வெட்கப்படவேண்டாம்.

எங்க பயலுக்கு: டேய் தம்பி, இந்தப் பதிவை நீ படிப்பாய் என்று தெரியும். அந்தச் சார் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. சரியான பாதிக்கு என்ன செய்யவேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். தப்பான பாதிக்கு நீ பெட்டியைத் திறக்கவேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்கி: நேற்று சாயங்காலம் கரண்ட் போன நேரத்தில் சித்தி வீட்டுப் பக்கம் நடந்து போனேன். பெட்டி இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஆனால் பயல் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கையையும் வைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வரிசையாக இல்லை. ஒரே வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில். "என்னடா பாட்டு?" என்று கேட்டேன். "கண்டுபிடிங்க அண்ணா" என்றான். கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குத்தான் காது பழகவில்லை :-)